துணிக்குக் கீழே ஒரு சுண்டுவிரல்

முகத்தைக் கல்லாக வைத்துக்கொள், விரல் பேரத்தில் அதுதான் முதல் பாடம், ஆனால் ஸைலாத் துறை வெயிலில் கல்லுக்கே வியர்க்கும் என்பதை எனக்குப் பாடம் சொன்ன குஜராத்திக்காரன் சொல்லவில்லை, மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது, துடைக்க இடது கையைத் தூக்கினால் மரைக்கார் பதறுகிறார் என்று நினைப்பார்கள், தொங்கட்டும். வலது கை சால்வைக்குக் கீழே இருக்கிறது. சால்வைக்கு அந்தப் பக்கம் ஓலைப்பாயில் ஒரு திரை, திரையில் ஒரு கிழிசல், கிழிசல் வழியாக வந்த ஒரு கை என் கைக்குள் ஈரமாகக் கிடக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியாது. பேரம் துருக்கித் துப்பாக்கிக்காரர்களின் தலைவர் இலியாஸ் ஆகாவோடு, ஆனால் அவர் அங்கே தலையணையில் சாய்ந்து காவா குடித்துக்கொண்டிருக்கிறார், குடிக்கிற கையில் இரண்டே விரல். "மீதியை என் துப்பாக்கியே தின்றுவிட்டது, மரைக்காரே, அதனால் எனக்குப் பதிலாக வேறு கை பேசும்," என்றார் ஆரம்பத்திலேயே, துறைமுக அரபியில், சிரித்துக்கொண்டே. சரி, விரல் இல்லாதவர் வேறு ஆளை உட்காரவைப்பது முறைதான், ஆனால் திரை எதற்கு. நான் என்ன பாம்பா. அப்போதே வாயில் ஒரு வார்த்தை வந்தது, விழுங்கினேன், இந்தத் துறையில் சால்வை விழுந்த பிறகு வாய் திறந்தவன் தோற்றவன், கையை இழுத்தவனும் தோற்றவன், அந்தச் சரக்கை அப்புறம் திரும்பிக் கேட்கவே முடியாது. சால்வையைப் போட்ட தரகர் வர்ஸமே பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், சோமாலிக் கிழவர், தாடிக்கு மருதாணி, ஒட்டகம் அசைபோடுகிற மாதிரி எதையோ மென்றுகொண்டு, இரண்டு பக்கத்துக்கும் அவர்தான் சாட்சி. வழி சுலபம். விற்பவன் எத்தனை கேட்கிறானோ அத்தனை விரலை நீட்டுவான், வாங்குபவன் எத்தனை தருவானோ அத்தனை விரலைப் பிடிப்பான், நீட்டியது முழுக்கப் பிடிக்குள் வந்துவிட்டால் முடிந்தது. விற்க மனமில்லையென்றால் கையை மூடி முட்டியாக்கிவிடுவான், அப்போது பேரம் செத்தது. ஒரு விரலுக்கு ஒரு கட்டு திரிக்கயிறு, துப்பாக்கி மருந்துக்கு நெருப்பு வைக்கிற கயிறு. கட்டுகள் ஐந்தும் என் முதுகுக்குப் பின்னால் பாயில் அடுக்கி இருக்கின்றன, நம்ம காயல் பருத்தி, என் வீட்டு முற்றத்தில் முறுக்கியது. விற்கிற சரக்குதான் கொஞ்சம் வினோதம். என் மச்சினன் மொகுதூம்.

இவனுக்கு விலை பேச உட்கார்ந்திருக்கிறேன் என்பதை நினைக்கும்போதே கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் நெய்யும் இரண்டு ஆடும் வாங்கி வா என்று கரைக்கு அனுப்பினேன். போனவன் நெய்க்கடைக்குப் போக வேண்டியதுதானே, துப்பாக்கிக்காரர்களின் பாளையத்துக்குள் போய் அங்கே ஒருவன் திரியை வெயிலில் போட்டுக் காயவைப்பதைப் பார்த்து, இப்படியா காயவைப்பது என்று வாயைக் கொடுத்திருக்கிறான். வெடியுப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும், நிழலில் எப்படி உலர்த்த வேண்டும், பற்றவைத்தால் அணையாமல் சுருட்டு மாதிரி நின்று புகைய என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொல்லியிருக்கிறான், சொன்னதும் சரிதான், அதுதான் கேடு. நல்ல ஆள் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் திரி அணைந்தால் துப்பாக்கி வெறும் உலக்கை, ஆகவே திரி தெரிந்தவனை யாரும் விடுவதில்லை. இன்று சாயங்காலம் பாளையம் மலைக்குக் கிளம்புகிறது. கிளம்பினால் அவனும் ஏறுவான். ஏறினால் அப்புறம் எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு, நான் யாரைப் போய்க் கேட்பது. எங்கள் கப்பலும் இன்று பாய் விரித்தாக வேண்டும், ஊருக்குக் கொண்டுபோகிற கச்சான் காற்று தளர ஆரம்பித்துவிட்டது, கப்பலோட்டுகிற தண்டல் காலையிலிருந்து வானத்தையும் என்னையும் மாறி மாறி முறைக்கிறான். ஊரிலிருந்து புறப்படுகிற அன்று என் பெண்சாதி, அவன் அக்கா பல்கீசு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தம்பிக்குக் கடல் ஒத்துக்காது, வாயும் சும்மா இருக்காது, நீங்கதான் பார்த்துக்கிடணும்," என்றாள். பார்த்துக்கிடாட்டி என்று விளையாட்டாகக் கேட்டேன். "பார்த்துக்கிடாட்டி அவன் இருக்கிற ஊரிலேயே நீங்களும் இருந்துக்கிடுங்கோ," என்றாள், விளையாட்டாக இல்லை. மலைமேல் இருக்கிற ஹபஷா நாட்டு அரசரின் வம்சம் பழங்காலத்துப் பல்கீசு அரசியின் வழி வந்ததாம், இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கும். அந்தப் பெயர் வைத்தவர்கள் சொன்ன சொல்லிலிருந்து இறங்குவதில்லை.

விரல்கள் அசைகின்றன. ஐந்தும் நீட்டிக்கொண்டுதான் நிற்கின்றன, ஆரம்பத்திலிருந்து ஐந்து, ஐந்தைவிட்டு இறங்கவேயில்லை. நான் இரண்டைப் பிடித்திருக்கிறேன். இரண்டே அதிகம். இவனுக்கா, சோற்றுக்கு உட்கார்ந்தால் குழம்புச் சட்டியை வழித்துவிட்டு உப்பு குறைவு என்பவனுக்கா, கப்பலில் ஏறியதும் குமட்டுகிறது என்று படுத்து, கரை தெரிந்ததும் எழுந்து நான்தான் முதலில் பார்த்தேன் என்பவனுக்கா. இரண்டு கட்டு கொடுப்பது அவன் அக்காவின் முகத்துக்காக. ஐந்து என்றால் நான் கொண்டுவந்தது அத்தனையும், திரும்பிப் போகும்போது பாயில் தூசிதான் மிஞ்சும். கொச்சித் துறையில் மூட்டை தூக்கிய காலத்தில் அந்தக் குஜராத்திக்காரன் எனக்கு விரல் பேச்சு சொல்லிக்கொடுத்தது பெரிய அன்பினால் இல்லை, நான் குறுக்கே விழுந்து ஒரு பேரத்தைக் கெடுத்ததற்கு முதலில் கன்னத்தில் ஒன்று வைத்தான், பிறகு, அடிபட்டதுதான் பட்டாய், எதற்கு என்றாவது தெரிந்துகொள் என்று உட்காரவைத்தான். உன் எதிரி சால்வைக்கு அந்தப் பக்கம் இல்லையடா, உன் மூக்குக்கு மேலே இருக்கிறான் என்பான். கோபத்தைச் சொன்னான். இப்போது அது அங்கேதான், புருவ நடுவில், குளவி மாதிரி சுற்றுகிறது. ஆகா வர்ஸமேயிடம் ஏதோ சொல்கிறார். "காயல்காரருக்கு நெற்றியில் நரம்பு துடிக்கிறதே, வெயிலா?" வர்ஸமே மெல்லுவதை நிறுத்தாமல், "வெயில் எல்லார் நெற்றிக்கும் ஒன்றுதான், ஆகா," என்கிறார். நல்ல மனுஷன். ஆகாவின் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் நின்று பல்லைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். நான் கல். கல்லின் மூக்கிலிருந்து சொட்டு விழுந்தது, அப்பாடா.

பாளையத்தின் ஓரத்தில் எவனோ துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கிறான். முதல் வெடிக்கு நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு விரற்கடை எழும்பிவிட்டேன், ஒட்டகங்கள் கத்தின, வர்ஸமேயின் மெல்லுதல் நின்று மறுபடி ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் இருக்கிற கை மட்டும் அசையவில்லை. பழகிய கை. வெடிமருந்து வாசனையோடு வாழ்கிற கை. இந்தப் போர்தான் என்ன போர் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. கீழே ஆதல் நாட்டு இமாம், மேலே ஹபஷா கிறிஸ்தவ அரசர், பல வருஷமாக வாளும் ஈட்டியுமாக நடக்கிற வழக்கு. இமாமுக்குக் கொஞ்சம் துப்பாக்கி கிடைத்தது. அதைப் பார்த்து அரசர் கடல் தாண்டிப் பறங்கிக்கு ஆள் அனுப்பினார், பறங்கி துப்பாக்கியோடு வந்து இறங்கினான். அதைப் பார்த்து இமாம் ஏமன் கரைத் துருக்கிக்கு ஆள் அனுப்பினார், இதோ இலியாஸ் ஆகா. வாய்க்கால் சண்டைக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வருகிற மாதிரி, வந்தவனுக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் என்றே தெரியாது, சாப்பாடு மட்டும் இரண்டு வீட்டிலும். பறங்கி தோற்றால் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன், கடலில் போக அவன் தருகிற சீட்டு இல்லை என்று என் முதல் தோணியைப் பிடித்துக்கொண்டவன், நான் கரையில் நின்று பார்க்கப் பார்க்க என் பாயை விரித்துக்கொண்டு போனவன். ஆனால் போன வருஷம் மஸாவாத் துறையில் ஒரு அர்மீனியன் இதே கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான், யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் விற்பதுதான் தொழில், பறங்கி மலையேறியது மஸாவா வழியாக என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அப்படியென்றால் பல்கீசு முற்றத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டு முறுக்கிய கயிறு மலையின் அந்தப் பக்கமும் புகைகிறது, இந்தப் பக்கமும் புகையப்போகிறது, ஒரே பருத்தி. எதற்கு இப்போது இந்த நினைப்பு. விரலைக் கவனி. பேரத்தில் உட்கார்ந்தவன் மலையைப் பார்க்கக்கூடாது.

ஐந்து. இன்னும் ஐந்து. போடா. சுண்டுவிரலை மடக்கித் தள்ளுகிறேன், இது ஆகாது என்பதற்கு அதுதான் அடையாளம், ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்து இரண்டில் நிறுத்துவேன். மடங்கவில்லை. நான் தள்ளுகிற பக்கம் மடங்காதது பிடிவாதத்தால் இல்லை, அந்த விரல் மடங்குகிற விதமே வேறு, நடுக்கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது, வெண்டைக்காய் முற்றி வளைந்த மாதிரி. தடவிப் பார்க்கிறேன். இன்னொரு தரம். அல்லாவே. இந்த விரல் எனக்குத் தெரியும். இந்த விரலை இப்படி ஆக்கியதே நான். நங்கூரக் கயிற்றில் மாட்டி ஒடிந்ததை, வைத்தியர் வீடு தூரம் என்று, தென்னை ஈர்க்கை ஒடித்து வைத்து என் கையாலேயே கட்டினேன், கோணலாகச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து கல்யாண வீடு, மையத்து வீடு எதுவென்றாலும் நாலு பேர் கூடினால் அந்த விரலைத் தூக்கிக் காட்டுவான். "எங்க மச்சான் கட்டின கட்டு. வானத்தைக் காட்டுன்னா பக்கத்து வீட்டைக் காட்டுது." மொகுதூம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மொகுதூமுக்கு விலை கேட்பது மொகுதூம். பின்னே, இந்தத் துருக்கியர்களில் யாருக்கு விரல் பேச்சு தெரியும், பாளையத்திலேயே அது தெரிந்தவன் என்னிடம் கற்ற இவன் ஒருவன்தான், ஆகாவுக்கு வேறு வழியில்லை, சரக்கையே தராசாக்கி உட்காரவைத்திருக்கிறார், முகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று திரை. விரல் காட்டிக்கொடுக்கும் என்று ஆகாவுக்குத் தெரியவில்லை பாவம். சிரிப்பு வருகிறது. அடிவயிற்றிலிருந்து பொங்கும் பால் மாதிரி ஏறுகிறது, சிரித்தால் தொலைந்தேன், சிரிப்பும் வாய் திறப்பதுதான். என் முதல் தோணியை நினைக்கிறேன். என் வாப்பாவின் மையத்தை நினைக்கிறேன். கன்னத்தை உள்ளிருந்து கடிக்கிறேன். ஆகா காவாக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். "இப்போது நரம்பு துடிக்கவில்லை," என்கிறார். "கண்ணில் தண்ணீர் வருகிறது." வர்ஸமே, "புகை, ஆகா. உங்கள் ஆட்கள் மருந்தை வீணாக்குகிறார்கள்," என்கிறார்.

சுண்டுவிரலை இரண்டு தரம் அமுக்குகிறேன், நான்தான், தெரிந்துகொண்டேன். அந்தக் கை ஒரு கணம் செத்த மீன் மாதிரி கிடக்கிறது. பிறகு கட்டைவிரல் என் உள்ளங்கையை ஒரு தரம் நீவுகிறது. அவ்வளவுதான். சண்டாளன், என் குரலைத் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான், ஆரம்பத்திலிருந்து தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஐந்து விரலையும் நீட்டிக்கொண்டு தன்னை ஐந்து கட்டுக்கு ஏற்றியிருக்கிறான். ஆகா சொல்லி அனுப்பியிருப்பார், ஐந்தும் கேள் என்று. சரி. இனிமேல் என்ன, இனிமேல் இது நம் வீட்டு விஷயம். சுண்டுவிரல் தன் கோணல் வழியில் மடங்குகிறது. நல்ல பிள்ளை. மோதிரவிரல் மடங்குகிறது. மூன்று. நான் பிடித்திருப்பது இரண்டு, இன்னும் ஒன்று மடங்கினால் முடிந்தது, மடங்குகிறது, இரண்டு, நான் அழுத்திப் பிடிக்கப் போகிறேன், அதற்குள் இன்னொரு விரல் என் பிடியிலிருந்து வழுக்கி உள்ளே போகிறது. ஒன்று. ஆள்காட்டி விரல் மட்டும் என் உள்ளங்கையில் குச்சி மாதிரி நிற்கிறது. ஒரே கட்டு.

ஒரே கட்டா. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் இவன். பேரத்தில் என் பக்கம் இறங்குகிறான் என்று நான் குளிர்ந்துபோக வேண்டுமா. பல்கீசின் தம்பி ஒரு கட்டுக் கயிற்றுக்கு, ஊரில் சொன்னால் காறித் துப்புவார்கள், ஒட்டகத்துக்குச் சேணம் வாங்கவே இந்தத் துறையில் ஒன்றரைக் கட்டு ஆகும். அதுவும் போகட்டும், மானத்தை ஒரு பக்கம் வைப்போம், புத்தியாவது வேண்டாமா, சால்வையைத் தூக்கியதும் ஒரு விரல் என்றால் ஆகா என்ன நினைப்பார், கையும் வியாபாரியும் கூட்டு என்று நினைப்பார், நினைத்தால் இவன் முதுகுத் தோல் என்ன ஆவது. மூன்று என்றால் நம்புவார். மூன்றரை என்று விரலில் சொல்ல முடியாது. நான் அவன் நடுவிரலைப் பிடித்து வெளியே இழுக்கிறேன். வருகிறது. மோதிரவிரலை இழுக்கிறேன், அதற்குள் நடுவிரல் உள்ளே போய்விடுகிறது. இழுக்கிறேன். போகிறது. வாங்குகிறவன் விலையைக் கூட்டுகிறேன், விற்கிறவன் விலையைக் குறைக்கிறான், நான் இத்தனை துறை பார்த்தவன், கொச்சி, கள்ளிக்கோட்டை, ஏடன், எங்கேயும் இப்படி ஒரு பேரம் கிடையாது. சால்வை மேலும் கீழும் துள்ளுகிறது. ஆகா எட்டிப் பார்க்கிறார். "துணிக்குக் கீழே பூனைக்குட்டி போட்டிருக்கிறாயா, வர்ஸமே?" பின்னால் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வர்ஸமே நிதானமாக, "நல்ல பேரம் துள்ளும், ஆகா. செத்த பேரம்தான் அசையாது," என்கிறார், ஆனால் என்னைக் கடைக்கண்ணால் பார்க்கிறார், என்ன ஐயா நடக்கிறது என்று. நான் கல்.

கடலில் தண்டல் முரசடிக்கிறான். முதல் முரசு, மூன்று ஆனால் கப்பல் கிளம்பிவிடும். பாயைக் கட்டவிழ்க்கிறார்கள். காற்று முதுகில் படுகிறது, இப்போதே நேற்றைவிட மெலிவு. பாளையத்தில் மறுபடி ஒரு வெடி, மறுபடி நான் எழும்புகிறேன், மறுபடி அந்தக் கை அசையவில்லை, இந்தத் தரம் அது எனக்குச் சுருக்கென்கிறது. ஐப்பசி இடிக்கு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிகிறவன் இவன். மீசை முளைத்த பிறகும் ஒளிந்தான், கேட்டால், மச்சானுக்குப் பயமாக இருக்குமே என்று துணைக்கு நின்றேன் என்பான். இவன் கைக்கு எப்படி வெடி பழகியது, எத்தனை வெடி கேட்டால் பழகும். அப்போதுதான் விரல்கள் எல்லாம் ஒரேயடியாக உள்ளே போகின்றன. ஆள்காட்டி விரலும். முட்டி. என் கைக்குள் ஒரு முட்டி இருக்கிறது, இறுகி, கொட்டைப் பாக்கு மாதிரி. விற்க மனமில்லை. மொகுதூம், என்னடா இது. வர விருப்பமில்லையா உனக்கு. நெய்யும் ரொட்டியும் ருசித்துவிட்டதா, துப்பாக்கிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து பெரிய ஆள் மாதிரி பேசுவது பிடித்துவிட்டதா, அக்கா, காயல், உன்னைக் கட்டிக்கொள்ளப் பேசிவைத்திருக்கிற பெண், எல்லாம் போயிற்றா. அல்லது என்மேல் கோபமா, இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் அசையாமல் இருந்தேனே, என் விலை இரண்டுதானா மச்சான் என்று மனதில் பட்டுவிட்டதா. வர்ஸமே இப்போது சால்வையைத் தூக்கினால் முட்டியைப் பார்ப்பார், பார்த்தால் முடிந்தது, ஆகா எழுந்து போவார், சாயங்காலம் பாளையம் போகும், நான் கப்பலில் ஏறி அந்த வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது. கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன். இல்லை. குளவியைக் காணோம். வேண்டிய நேரத்துக்கு அது வராது.

இரண்டாவது முரசு. நான் அந்த முட்டியைப் பிசையவில்லை, நெரிக்கவில்லை. நங்கூரக் கயிற்றில் மாட்டிய அன்று அவன் இப்படித்தான் கையை மூடிக்கொண்டு யாரையும் தொடவிடாமல் கத்தினான், நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்தேன், கட்டைவிரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுதான் பூட்டு. என் கட்டைவிரலை அதற்குக் கீழே நுழைக்கிறேன். கொஞ்சம் எதிர்க்கிறது. காத்திருக்கிறேன். விடுகிறது. ஆள்காட்டி. நடுவிரல். நகத்தில் மருந்துத் தூள் நறநறக்கிறது, உள்ளங்கையில் சுட்ட கொப்புளம் ஒன்று உடைந்து தோல் பிரிந்து இருக்கிறது, அதைத் தொடாமல் சுற்றிப் போகிறேன். மோதிரவிரல். கடைசியில் என் கோணல் கட்டு, அது தானாகவே வருகிறது. ஐந்தும் விரிந்து கிடக்கின்றன. இப்போது மூன்றைப் பிடிக்கலாம். மூன்று போதும் என்று கணக்கு சொல்கிறது, இரண்டு கட்டு எனக்கு மிஞ்சும், ஆகாவும் நம்புவார். ஆனால் மூன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் வெளியே இருக்கும், வெளியே இருக்கிற விரல் மடங்கும், மடங்கினால் மறுபடி முட்டி. இவன் கையில் ஒரு விரலைக்கூட இனி வெளியே விடக்கூடாது. கை முழுவதையும், சுண்டுவிரலோடு, மணிக்கட்டு எலும்பு தெரிய, சேர்த்துப் பிடிக்கிறேன். பிடித்து அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வர்ஸமே சால்வையைத் தூக்குகிறார். பார்க்கிறார், ஆகாவின் ஆட்களைக் கூப்பிட்டு அவர்களையும் பார்க்கச் சொல்கிறார். "கை முழுதும்," என்கிறார். "ஐந்து கட்டு. வாய் திறக்கவில்லை, கை இழுக்கவில்லை. சாட்சி நான்." ஆகா எழுந்து உட்கார்கிறார், என் முகத்தையும் பிடியையும் பார்க்கிறார், பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார், நல்ல சிரிப்பு, வஞ்சகமில்லாத சிரிப்பு. "வியாபாரி, உண்மையைச் சொல்கிறேன், இரண்டு கட்டுக்கே தள்ளிவிட்டிருப்பேன். திரி ஊறவைக்க என் ஆட்கள் இதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இவன் படுத்தால் பேசுகிறான், எழுந்தால் பேசுகிறான், தூக்கத்திலும் பேசுகிறான்." திரைக்குப் பின்னாலிருந்து, "ஆகாவா அப்படிச் சொன்னாரு?" என்று தமிழில் ஒரு குரல் வருகிறது, நெஞ்சு நிறைகிறது, கோபமும் திரும்பி வருகிறது, இரண்டும் ஒன்றாக. திரையைத் தூக்குகிறார்கள். இளைத்திருக்கிறான், புருவம் கருகியிருக்கிறது, தலையில் துருக்கிக்காரன் துணியைச் சுற்றிக்கொண்டு என்ன ஒரு கோலம். "என்ன மச்சான், கறுத்துட்டீங்க," என்கிறான் என்னைப் பார்த்து.

அவனை மணலில் இழுத்துக்கொண்டு நடக்கிறேன், மூன்றாவது முரசுக்குள் படகைப் பிடிக்க வேண்டும். "ஒத்த விரலை நீட்டினேன்ல, பிடிச்சிருக்கலாம்ல." "வாயை மூடு. பல்கீசு தம்பியை ஒரு கட்டுக்கு வாங்கிட்டு வந்தேன்னு ஊரிலே சொல்லவா? ஆகா என்ன முட்டாளா, உன் தோலை உரிச்சிருப்பான்." "உரிச்சா உரிக்கட்டும்னுதான்." "அப்போ முட்டி? முட்டி எதுக்குடா பிடிச்சே?" காலடியைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். "மலையிலேர்ந்து இறங்கி வந்தவங்களைப் பார்த்தேன் மச்சான். இந்தப் பக்கத்து ஆளும் இருந்தான், அந்தப் பக்கத்துக் கைதியும் இருந்தான், ரெண்டு பேருக்கும் ஒரே கொட்டாய். நான்தான் தண்ணி கொடுத்தேன். தண்ணி கேட்கிறப்போ ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கேட்டாங்க. இங்கத்துத் திரியெல்லாம் நான் ஊறவச்சது. கைதிகிட்டே பிடுங்கினது நம்ம பல்கீசு ராத்தா முற்றத்துக் கயிறு, முறுக்கைப் பார்த்தாலே தெரியும்ல. நீங்க அஞ்சு கட்டையும் கொண்டாந்து அடுக்கினதைக் கிழிசல் வழியா பார்த்தேன். ஒண்ணு போதும்னு நினைச்சேன். அப்புறம் அந்த ஒண்ணும் துப்பாக்கிக்கு எதுக்குப் போகணும்னு தோணிடுச்சு." பின்னால் ஒரு வெடி. நான் எழும்பவில்லை, எழும்ப மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஐந்து கட்டும் ஒரு கோவேறு கழுதையின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கின்றன, வெள்ளை வெளேரென்று. அவ்வளவு நல்ல முறுக்கு. கேட்காமல் விற்பதுதான் தொழில் என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்க வேண்டியிருந்தது, சால்வை இல்லாமலேயே.

முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகுக்கு நடந்தோம். படகில் ஏறி உட்கார்ந்ததும் அவன் தொண்டையைச் செருமினான், எனக்குத் தெரிந்த செருமல்தான். "ஆனா அஞ்சு கட்டு," என்றான். "காயல்லே எந்த மச்சான் மச்சினனுக்கு அஞ்சு கட்டு கொடுத்திருக்கான், சொல்லுங்க பார்ப்போம். ஆகாவே அசந்துட்டாரு." துடுப்பு போடுகிற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரம்பித்துவிட்டான். இனி காயல் வரைக்கும் இதுதான், காயலுக்குப் பிறகும் இதுதான், என் மையத்து வீட்டிலும் அந்தக் கோணல் விரலைத் தூக்கிக்கொண்டு ஐந்து கட்டுக் கதையைத்தான் சொல்லுவான், முதல் நாளில் ஐந்து கட்டு, பத்து வருஷத்தில் ஐம்பது கட்டும் ஒரு யானையும் ஆகிவிடும். குமட்டுகிறது என்று இன்னும் சொல்லவில்லை, சொல்லுவான். கப்பலடிக்கு வந்ததும் தண்டல் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மரைக்காரே, அந்தக் கையை விடுங்க, நூலேணியிலே ஏற வேண்டாமா," என்று கத்தினான். அப்போதுதான் பார்த்தேன். சால்வை போய், திரை போய், கரையும் போய்விட்டது, என் பிடி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. விரல்கள் மரத்துப்போய்விட்டன, எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. "அவனுக்கு ஒரு கை காலியா இருக்கு, எனக்கு ஒரு கை காலியா இருக்கு," என்றேன். "ஏறிக்கிடுவோம்." நூலேணி இரண்டு பக்கமும் ஆடியது, மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள், மொகுதூம் பாதியில் நின்று குமட்டுகிறது என்றான், நான் அவனை வைதுகொண்டே ஏறினேன்.